குலவீரசிங்கத்தைக் கழற்றிய கதை

ஈச்சவெளியில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்கும் பொதுவில் ஒரு பழைய பிக்கப் இருந்தது. மூளையும் அப்படிப் பொதுவில்தான். அன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

எட்டுப் பேரும் கயிறு இழுப்பவர்கள். வருசப்பிறப்புக்குப் புளியடித்துறை மைதானத்தில் நடக்கும் போட்டியில் ஏழு வருசமாக அவர்களுக்கு இரண்டாம் இடம். போட்டிக்கு வருவது மொத்தமே இரண்டு ஊர்தான். இரண்டாம் பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி.

தலைவன் வில்வராசா பெண் எடுத்ததும் புளியடித்துறையில்தான். மாமியார் வீட்டில் அவன் சோற்றில் கை வைத்தால் போதும், எதிரணியில் கயிறு இழுக்கும் மச்சான்மார் தொடங்கிவிடுவார்கள். "அத்தானுக்கு அந்த வாளியில தண்ணி வையுங்கோ!" இந்த முறையும் தோற்றால் அந்த வீட்டுப் படலையைத் திறப்பதில்லை என்று வில்வராசா சத்தியம் செய்துவிட்டான். அதைக் கேட்டு மனைவி அழுதாள். மச்சான்மார் கைதட்டினார்கள்.

போட்டி நாலு மணிக்கு. நாலுக்கு வந்து சேராத அணி தோற்ற அணி. ஆகவே இரண்டு மணிக்கே புறப்பட்டார்கள். தில்லைநாதன் ஓட்டினான். பக்கத்து சீற்றில் குலவீரசிங்கம். கயிற்றின் கடைசியில் நிற்கும் ஆள் அவன். எட்டுப் பேரின் பாரத்தில் பாதி அவனிடம் இருந்தது. மற்ற ஆறு பேரும் பின்னால் நின்றார்கள்.

அது கியர் தானாக மாறுகிற வண்டி. மணல் ஒழுங்கைக்குள் இறங்கியதும் கியர் இனி மாறமாட்டேன் என்றது. மூன்றிலேயே ஒட்டிக்கொண்டு வண்டி முக்கியது. ஓட்டுகிறவனுக்கு முன்னால் ஒரு மஞ்சள் லைற் மின்னி மின்னி எரிந்தது.

"வண்டி கண்ணடிக்குது," என்றான் தில்லைநாதன்.

"ஆருக்கு?" என்று பின்னாலிருந்து மார்க்கண்டு கேட்டான். அந்தக் கூட்டத்தில் யோசிக்கிறவன் என்று பேரெடுத்தவன் அவன்தான்.

மெக்கானிக் அருளப்பு அண்ணைக்குப் போன் போட்டார்கள். அவரும் போட்டி பார்க்க மைதானத்துக்குப் போயிருந்தார்.

"கியருக்குப் போற வயர் ஒண்டு எங்கயோ அமத்துப்பட்டு நசியுது," என்றார் அவர். "ஒவ்வொண்டாக் கழட்டி, எந்திரத்தை நிப்பாட்டித் திறப்பைத் திரும்பப் போட்டுப் பாருங்கோ. எதைக் கழட்ட லைற் நிக்குதோ, அதுதான் பிழையான சாமான். கறள், துரு இருந்தாச் சுரண்டிப் போட்டுப் பாருங்கோ. அப்பவும் சரிவராட்டி அதைத் திருப்பி வண்டியில போடாதேங்கோ. அதே கொம்பனிச் சாமான் வேற ஒண்டு போடுங்கோ. கழட்டினதை எறியவும் வேண்டாம், என்னட்டக் கொண்டு வாங்கோ."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"எதைக் கழட்டுறதெண்டு சொல்லேல்லையே," என்றான் தில்லைநாதன்.

"ஒவ்வொண்டா எண்டா எல்லாத்தையும்தான்ரா," என்றான் மார்க்கண்டு.

கண்ணாடியைக் கழற்றினார்கள். லைற் எரிந்தது. தொங்கிய தேசிக்காயையும் மிளகாயையும் கழற்றினார்கள். எரிந்தது. பிள்ளையார் படத்தைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக் கழற்றினார்கள். பிள்ளையாரிலும் பிழையில்லை.

"இனி வண்டியில கழட்ட என்ன இருக்கு?" என்று வில்வராசா கேட்டான்.

மார்க்கண்டு சுற்றிப் பார்த்தான். "நாங்கள் இருக்கிறம்."

பின்னால் நின்ற ஆறு பேரும் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். ஒவ்வொருவர் குதிக்கும்போதும் தில்லைநாதன் திறப்பைத் திருப்பி, "எரியுது," என்றான். பிறகு தில்லைநாதனைக் கழற்றினார்கள். திறப்பைத் திருப்ப ஆளில்லாமல் போனதால் அவனைத் திரும்பப் பூட்டினார்கள். கடைசியாகக் குலவீரசிங்கம் இறங்கினான். சீற் 'உஸ்' என்று மூச்சு விட்டது. தில்லைநாதன் திறப்பைத் திருப்பினான்.

லைற் எரியவில்லை.

எல்லாரும் குலவீரசிங்கத்தைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கும் ரெண்டு மூண்டு நாளா ஒரு மாதிரித்தான் இருந்தது," என்றான்.

"முதலே சொல்லியிருக்கலாமல்லோ!" என்றான் வில்வராசா.

"நான் பிழையெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? என்ர முகத்தில லைற்றே இருக்கு?"

கறள் இருக்கிறதா என்று தேடினார்கள். குதிக்காலில் கொஞ்சம் இருந்தது. தேங்காய்ப் பொச்சுமட்டையால் இரண்டு பேர் சுரண்டினார்கள். அவனுக்குக் கூச்சம், மணலில் புரண்டு புரண்டு சிரித்தான். துடைத்துச் சீற்றில் பூட்டினார்கள். லைற் எரிந்தது. மறுபடி கழற்றினார்கள். நின்றது.

"இனிப் புதுசுதான்," என்றான் வில்வராசா. "அதே கொம்பனிக்கு எங்க போறது?"

சத்தம் கேட்டுப் பக்கத்துப் படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். குலவீரசிங்கத்தின் அக்கா பூரணம். அந்த ஒழுங்கையில்தான் அவளுடைய வீடு. உடம்பில் தம்பிக்கு இளைத்தவள் இல்லை.

மார்க்கண்டுவின் கண் விரிந்தது. "அக்கா, நீங்களும் இவனும் ஒரே தாயோ?"

"இதென்ன விசர்க் கேள்வி? ஓமடா."

"அப்ப ஏறுங்கோ, போட்டி பாக்கப் போவம்."

அவள் புதுச்சேலை மாற்றிக்கொண்டு வர அரை மணித்தியாலம் ஆனது. வந்து சீற்றில் இருந்தாள். தில்லைநாதன் திறப்பைத் திருப்பினான். லைற் எரிந்தது.

"கொம்பனியே பிழை," என்று மார்க்கண்டு பெருமூச்சு விட்டான்.

"ஆரடா பிழை? பேயங்களே, பால் காய்ச்ச வைச்ச அடுப்பை அணைச்சுப்போட்டு வந்திருக்கிறன். இனி இந்தச் சீற்றை விட்டு அசையமாட்டன்!"

அசைக்கவும் முடியவில்லை. ஆனால் மார்க்கண்டு அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தான். "பிழையான சாமானைத் திருப்பிப் போடாதேங்கோ எண்டுதான் அருளப்பு அண்ணை சொன்னவர். அக்காவை இப்பதானே முதல்தரம் போட்டிருக்கிறம். இருக்கட்டும்."

மிச்சம் குலவீரசிங்கம். அவனை எறியவும் கூடாது, வண்டியில் போடவும் கூடாது, ஆனால் கொண்டுபோகவும் வேண்டும். நேரம் மூன்றரை. வில்வராசாவுக்கு மச்சான்மாரின் பல்லெல்லாம் கண்ணில் தெரிந்தது.

"கயிறு இருக்குத்தானே," என்றான். "ஒரு தலைப்பைப் பிக்கப்பில கட்டுவம். மற்றதை அவன் பிடிச்சுக்கொண்டு பின்னால வரட்டும்."

எல்லாரும் அவனை மெச்சினார்கள். கயிற்றைக் கட்டி, மறு தலைப்பைக் குலவீரசிங்கத்தின் கையில் கொடுத்து, பின்னால் ஏறிக்கொண்டார்கள். வண்டி புறப்பட்டது. கயிறு இறுகியது.

மூன்று மாதமாக வில்வராசா அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: கயிறு கையில வந்தா, முன்னால இழுக்கிறது ஆரெண்டு பாக்காத, காலை ஊண்டி நில். குலவீரசிங்கம் காலை ஊன்றினான்.

வண்டி நின்றது. சில்லு மணலில் சுழன்றது. மூன்றாம் கியரில் எந்திரம் ஓலமிட்டது.

"விடாதையடா தம்பி!" என்று யன்னலால் தலையை நீட்டிப் பூரணம் கத்தினாள்.

"இழு தில்லை, இழு!" என்றான் வில்வராசா. அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தன்னுடைய ஆள் தனியாக, வியர்வை வழிய, ஒரு பெரிய எதிரியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை.

"டேய், எங்கட ஆள் தனிய நிக்கிறான்ரா!"

ஆறு பேரும் குதித்து ஓடிக் கயிற்றைப் பிடித்தார்கள். பாரம் இறங்கியதும் பின்சில்லு இன்னும் வேகமாகச் சும்மா சுழன்றது. "ஏலே... லோ!" என்று வில்வராசா குரல் கொடுத்தான். பிக்கப் ஒரு முழம் பின்னால் வந்தது. இன்னொரு முழம் வந்தது. ஏழு வருசத்தில் அவர்கள் பக்கம் எதுவும் இப்படி வந்ததில்லை. மார்க்கண்டு ஆனந்தத்தில் அழுதான். வண்டிக்குள் இருந்த தில்லைநாதனுக்குத் தான் எந்தப் பக்கம் என்று சந்தேகம். ஆனாலும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் மிதித்துக்கொண்டே இருந்தான்.

போன் அடித்தது. வில்வராசா ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தான். மைதானத்திலிருந்து அவனுடைய சின்ன மச்சான்.

"அத்தான், நாலு மணியாகப் போகுது. எங்க நிக்கிறியள்? வராட்டிக் கிண்ணம் எங்களுக்குத்தான்."

"உந்தக் கதை வேண்டாம் மச்சான்," என்று வில்வராசா மூச்சு வாங்கினான். "இந்தமுறை வெல்லுறது நாங்கள்தான். எட்டு முழம் இழுத்திட்டம்!"

"ஆரை இழுக்கிறியள்? நாங்கள் எட்டுப் பேரும் இஞ்ச மரத்துக்குக் கீழ குந்திக்கொண்டல்லோ இருக்கிறம்!"

வில்வராசா போனை மடியில் செருகிக்கொண்டு தன் ஆட்களைப் பார்த்து உரக்கக் கத்தினான்.

"டேய், விடாதேங்கோ! அவங்கள் களைச்சுப்போய்க் குந்திட்டாங்களாம்!"