காது கேட்கிறவர்கள்

பள்ளிபாளையத்தில் காது கேளாத அர்த்தனாரி, நாற்பது வயதில் ஒரு விசைத்தறிப் பட்டறைக்குப் போய் வேலை கேட்டான். முதலாளி குழந்தைவேலு சிரித்தபடி ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்: "வாசலில் நின்று கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்தால் வேலை."

அர்த்தனாரி அதன் கீழே எழுதினான்: "முதலில் காது கேட்கிற ஒருத்தரைக் கூப்பிடுங்க முதலாளி. பார்த்துக் கத்துக்கறேன்."

"ஏப்பா மாரப்பா" என்று முதலாளி தொண்டை கிழியக் கத்தினார். முப்பது தறிகளின் இரைச்சலில் ஒருவரும் திரும்பவில்லை. அர்த்தனாரி கையை உயர்த்தி ஆட்டினான். தறியோட்டிக்கொண்டிருந்த மாரப்பன் நிமிர்ந்து, தறிக்காரர்கள் எல்லோரும் பேசுகிற கைச்சாடையில் "என்ன?" என்று கேட்டான்.

குழந்தைவேலு சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு வரச் சொல்லிக் கைகாட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் இன்னும் பதினொரு பட்டறைகள் இருந்தன. அவற்றின் அதிர்வு அவன் உள்ளங்காலில் ஏறியது. முன்பு வேலை கேட்டுப் போனபோது அங்கெல்லாம் முதலாளிகள் இதே சோதனையைத்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவன் தலைகுனிந்து வீடு திரும்பியிருந்தான்.