தொட்டுக்கொள்ள வழி சொன்ன நண்டு

அலையாத்திக் காட்டுக்குள் ஒரு வாய்க்கால் ஓடியது. கடல் ஏறினால் அது நிறையும். கடல் இறங்கினால் வெறும் சேறு. அந்தச் சேற்றில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு நண்டு. அதன் பெயர் கருங்கொடுக்கன். கொடுக்கு பெரியது, வாய் அதைவிடப் பெரியது.

அதன் வளையைச் சுற்றி மூன்று பேர் வாழ்ந்தார்கள். ஒரு இறால், ஒரு மட்டிச் சிப்பி, ஒரு கெளுத்தி மீன்.

நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட வேண்டும். புது ஓடு இறுகும்வரை அதன் உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். பொடி மீன்கூடக் கடித்துத் தின்றுவிடும். அந்த நாட்களில் மூவரும் நண்டுக்குக் காவல் இருப்பார்கள். மட்டி நகர்ந்து வந்து வளை வாயில் கதவு போல உட்காரும். இறால் மீசையை நீட்டி வேவு பார்க்கும். யாராவது வந்தால் கெளுத்தி வாலை அடித்துச் சேற்றைக் கலக்கிவிடும். ஓடு இறுகியபின் நண்டு தன் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு மூவருக்கும் காவல் நிற்கும். அது அந்த வாய்க்காலின் வழக்கம்.

ஒரு பௌர்ணமி நாளில் நண்டு இரை தேடி மேட்டுக்குப் போனது. போன இடத்தில் செம்பி என்ற பெண் நரியிடம் மாட்டிக்கொண்டது. செம்பி தாழை நாரால் அதன் கொடுக்கையும் காலையும் இறுக்கிக் கட்டினாள். வீட்டுக்குக் கொண்டு வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"அடச்சே! உள்ள வெறும் தண்ணி!"

"பௌர்ணமி நண்டுல வேற என்ன தாயி இருக்கும்?" என்றது நண்டு. "நிலா தேயத் தேயத்தான் எங்களுக்குச் சதை கட்டும். அமாவாசை கழியட்டும். அப்புறம் பாருங்க, கொடுக்கு முழுக்கக் கறியா இருக்கும்!"

செம்பிக்கு அது நியாயமாகப் பட்டது. "அமாவாசைக்கு மறுநாள் எங்க அண்ணன் விருந்துக்கு வர்றாரு. அன்னைக்கு உன்னைக் குழம்பு வைக்கிறேன்" என்றாள். வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் பாதி புதைத்த சட்டியில் தண்ணீர் விட்டு நண்டை அதில் போட்டாள்.

நண்டு உள்ளுக்குள் சிரித்தது. அதன் ஓடு ஏற்கெனவே இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அமாவாசைக்கு முன்பே கழன்றுவிடும். ஓடு கழன்றால் அதன்மேல் கட்டிய நாரும் சேர்ந்து கழன்றுவிடும். பிறகு நழுவி ஓட வேண்டியதுதான்! நல்ல யோசனை. இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. இத்தோடு விட்டிருந்தால் நானும் அதை மெச்சியிருப்பேன்.

ஆனால் செம்பியின் புருஷன் ஊளையனுக்குப் பொறுமை கிடையாது. மறுநாளே சட்டியை எட்டிப் பார்த்து நாக்கைத் தொங்கப்போட்டான்.

"ஏ புள்ள! அமாவாசை வரைக்கும் யாரு காத்திருப்பா? தண்ணியோ சதையோ, தட்டிப் போட்டு இன்னைக்கே ரசம் வை!"

"போங்க! தொட்டுக்க ஒண்ணும் இல்லாம வெறும் நண்டைப் பரிமாறுற வீடா நம்ம வீடு? எங்கம்மா கேட்டா காறித் துப்புவா!"

நரி வீட்டில் இவ்வளவு கௌரவமா என்று கேட்காதீர்கள். திருடித் தின்கிற வீட்டில்தான் பந்தி முறை அதிகம்.

நண்டுக்கு இந்தப் பேச்சில் ஒரு வழி தெரிந்தது.

"தாயி, நண்டுக்கு எது பொருத்தம்னு நண்டைக் கேளுங்க! விருந்தன்னைக்குப் போய்த் தடுமாறக் கூடாது. இப்பவே ஒண்ணொண்ணா வச்சுப் பாருங்க. முதல்ல இறால் தொக்கு. சின்ன வெங்காயத்தை நல்லா வதக்கி, சோம்பு போட்டு எடுத்தா வாசம் ஊரைத் தூக்கும்!"

"இறாலுக்கு எங்க போறது?"

"என் வளை இருக்கே, வாய்க்கால் வளையிற இடத்துல, ரெண்டு வேர் பின்னிக்கிட்டு நிக்கும், அதுக்கு அடியில. அங்கேருந்து வலது கைப்பக்கம் சாஞ்ச வேர். அதுக்குள்ள கையை விடுங்க."

ஊளையன் போனான். இறாலைக் கொண்டுவந்து சட்டிக்குப் பக்கத்தில் ஓலைக்கூடையில் போட்டான்.

இறால் நண்டைப் பார்த்தது. அந்த நிலையிலும் அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணே! உசுரோட இருக்கியா! நீ செத்துட்டன்னு மட்டியக்கா அழுதுச்சு! என்னைத்தான் எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க அண்ணே. நான் சத்தம்கூடப் போடல."

நண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. செம்பி கூடையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

தொக்கு அருமையாக வந்தது. செம்பி விரலை நக்கிக்கொண்டே வந்து, "நண்டுக்கு இது போதுமா?" என்று கேட்டாள். மிச்சம் இருந்த இறால் தலையைச் சட்டிக்குள் போட்டாள், நண்டு தேற வேண்டுமல்லவா?

"இறாலும் இனிப்பு, நானும் இனிப்பு. ரெண்டும் சேர்ந்தா திகட்டும் தாயி" என்றது நண்டு. "வேற பாக்கலாம்."

பிறகு அது இறால் தலையைத் தின்றது. முதலில் வேண்டாம் என்றுதான் நினைத்தது. ஓடு கழற்றப் பலம் வேண்டுமே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. 'இறால் எப்படியும் ஒருநாள் வலையில் சாகிற பிறவிதானே' என்றும் சொல்லிக்கொண்டது. தப்புச் செய்கிறவனுக்குச் சமாதானம் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை, அவனே போதும்.

நிலா தேய்ந்துகொண்டே வந்தது. ஊளையன் மறுபடியும் சட்டியைச் சுற்ற ஆரம்பித்தான்.

"தாயி, மட்டி வச்சுப் பாக்கலாமா?" என்று நண்டே முந்திக்கொண்டது. "தேங்காய் துருவிப் போட்டு, மிளகு தட்டிப் போட்டுப் பிரட்டணும். என் வளைக்கு நேர் எதிர்ச் சேத்துல ரெண்டு சின்ன துளை தெரியும். மட்டி மூச்சு விடுற இடம். அதுல தோண்டுங்க."

மட்டி வந்தது. அது இறால் மாதிரி வெகுளி இல்லை.

"நான் மூச்சு விடுற துளை உனக்கு மட்டும்தானடா தெரியும்?" என்று கேட்டது.

"அக்கா, என் தலை தப்பணும்ல?"

"உன் தலைக்கு மேல எத்தனை வருஷம் கதவா உக்காந்திருந்தேன்!"

அவ்வளவுதான். மட்டி ஓட்டை மூடிக்கொண்டது. வெந்நீரில் விழும்வரை திறக்கவே இல்லை.

செம்பி சாப்பிட்டுவிட்டு வந்தாள். "இது எப்படி?"

"மட்டி சவ்வு மாதிரி இழுக்கும். நண்டுச் சதையோ பூ மாதிரி. ஒட்டாது தாயி."

"நீ சொல்றதும் சரிதான்!" என்று மெச்சினாள் செம்பி. நண்டுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு! தன்னைச் சமைக்கப் போகிறவள் தன் ருசியைப் பாராட்டினாள் என்று அதற்குப் பெருமை.

அமாவாசை நெருங்கியது. ஒரு காலையில் கடல் ஏறி, வாய்க்கால் தண்ணீர் சட்டியைத் தொட்டது. தண்ணீரோடு கெளுத்தியும் வந்தது.

"மாப்ளே! மாப்ளே! சத்தம் போடாதே, நான்தான்!"

"மாமா! இங்க எதுக்கு வந்தீங்க?"

"உன்னைத் தேடித்தான். வாய்க்கால் வாய்க்காலா அலைஞ்சேன். இறாலையும் மட்டியையும் காணோம் மாப்ளே. எந்தப் பாவி கொண்டுபோனானோ! இனி நீயும் நானும்தான். உனக்கு ஓடு கழற்ற நாள் ஆச்சே? கழற்றிட்டு எப்படியாவது நழுவி வந்துடு. உன் வளை வாசல் பள்ளத்திலேயே படுத்திருக்கேன். இரை தேடக்கூட வெளிய போகல. கதவுக்கு மட்டி இல்லைன்னா என்ன? நானே வாசலை அடைச்சுக்கிட்டுக் கிடக்கிறேன். வந்துருவியா?"

"வந்துருவேன் மாமா."

"சரி. பயப்படாதே."

கடல் இறங்குவதற்குள் கெளுத்தி திரும்பிப் போய்விட்டது. நண்டு உடம்பை நெளித்துப் பார்த்தது. பின்பக்கம் ஓட்டில் மெல்லிய விரிசல் விட்டிருந்தது. ஒரே ஒரு பகல் கிடைத்தால் போதும்.

அந்த நேரம் பார்த்து ஊளையன் வந்தான். கையில் அம்மிக் குழவி.

"இன்னைக்கு விடறதா இல்லை! கொழுத்துட்டான் பாரு. தட்டிப் போட்டுடுவோம். உங்க அண்ணனுக்கு வேற ஏதாவது பிடிச்சுத் தர்றேன்!"

செம்பி சட்டியருகே உட்கார்ந்தாள். "கடைசியாக் கேக்கிறேன். நண்டுக்குத் தொட்டுக்க என்ன? நல்லதா ஒண்ணு சொன்னா விருந்துவரைக்கும் விட்டு வைக்கிறேன். இல்லைன்னா இவர் கேக்க மாட்டாரு."

முருங்கைக்கீரை என்று சொல்லியிருக்கலாம். காட்டோரம் முருங்கை இருந்தது. மாங்காய் என்று சொல்லியிருக்கலாம், மாமரமும் இருந்தது. வாயில் வந்ததும்கூட அதுதான். ஆனால் நண்டு யோசித்தது. கீரை பறிக்க நரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். கெளுத்தியைப் பிடிப்பது லேசில்லை. வழுக்கும், முள்ளால் குத்தும், சேற்றைக் கலக்கும். ஊளையன் அரை நாள் அல்லாடுவான். பிறகு இரண்டு பேரும் தின்றுவிட்டு அசந்து தூங்குவார்கள்.

"கெளுத்தி" என்றது நண்டு. "மாங்காய் போட்டுப் புளிக்குழம்பு வச்சா..."

நண்டு ஊளையன் கையிலிருந்த குழவியைப் பார்த்தது. இடத்தையும் சொன்னது.

"என் வளை வாசல் பள்ளத்துல படுத்திருக்கும். நீங்க போனாலும் அந்த இடத்தை விட்டு ஓடாது."

நண்டு நினைத்தபடியே நடந்தது. ஊளையன் முள் குத்திய காலோடு நொண்டிக்கொண்டு வந்தான். கெளுத்தி கடைசிவரை வாசலை விட்டு நகரவே இல்லையாம். குழம்பு கொதித்தது. நரிகள் இரண்டும் வயிறு முட்டத் தின்றன. உச்சி வெயிலில் நிழல் பார்த்துப் படுத்துக் குறட்டை விட்டன.

நண்டு முக்கியது, முனகியது. விரிசல் வாய் பிளந்தது. ஒவ்வொரு காலாக, கடைசியாகக் கொடுக்கையும் உருவிக்கொண்டு வெளியே வந்தது. நார்க்கட்டு பழைய ஓட்டோடு சட்டிக்குள் கிடந்தது. விடுதலை!

ஏறிவந்த தண்ணீரில் மிதந்தும் நகர்ந்தும் தன் வளைக்குப் போய்ச் சேர்ந்தது. சின்னக் கல் உரசினாலும் உயிர் போவது போல வலித்தது. வளைக்குள் சுருண்டு படுத்துக்கொண்டது.

வாசல் திறந்து கிடந்தது.

சேற்றை இழுத்து அடைக்கப் பார்த்தது. கொடுக்கு பிசின் மாதிரி வளைந்தது. வழக்கத்தில், தன்னை அறியாமல் கூப்பிட்டுவிட்டது.

"மட்டியக்கா! கதவு!"

பதில் இல்லை. பதில் வராது என்று அந்த வாய்க்காலில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அதற்குத் தெரியும். வாசல் பள்ளத்தில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து நின்றது.

சாயங்காலம் செம்பி எழுந்து சட்டியைப் பார்த்தாள். நண்டு கட்டோடு கிடந்தது. தூக்கினாள், கனமே இல்லை.

"அட! சட்டையைக் கழற்றிப் போட்டுட்டுல்ல ஓடியிருக்கான்!"

ஊளையன் பதறினான். "போச்சு! இந்தக் காட்டுல ஆயிரம் வளை இருக்கு. எதுல போய்த் தேடுறது?"

"தேடுவானேன்? வாய்க்கால் வளையிற இடம், ரெண்டு வேர் பின்னிக்கிட்டு நிக்கும். அதுக்கு அடியில. மூணு பேர் வீட்டுக்கும் அவனே வழி சொன்னானே, ஒவ்வொரு தடவையும் தன் வீட்டுலேருந்துதானே சொன்னான்!"

செம்பி நேராகப் போனாள். கையை விட்டாள். கதவு தடுக்கவில்லை, மீசை எச்சரிக்கவில்லை, சேறு கலங்கவில்லை.

"தாயி! நான் உங்களுக்கு எவ்வளவு யோசனை சொல்லியிருக்கேன்!" என்று கெஞ்சியது நண்டு.

"சொன்னே, சொன்னே! எல்லாம் ருசியாத்தான் இருந்துச்சு."

அவள் அதை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். மறுபடியும் தண்ணீர்தான். முகம் சுளித்தாள்.

"குழம்புக்கு ஆகாது. ஒரு வாய்க்குக்கூட வராது."

"அப்படின்னா என்னை விட்டுருங்க தாயி!"

"விடுறதா? ஓடில்லாத நண்டை அப்படியே முழுசா எண்ணெயில போட்டு எடுக்கலாம்."

அமாவாசைக்கு மறுநாள் அண்ணன் நரி வந்தது. இலையில் சோறு, மிளகு ரசம், ஓரத்தில் சின்னதாக ஒரு வறுவல்.

"நண்டுக் குழம்புன்னு சொன்னியே தங்கச்சி?"

"குழம்பு வைக்கத் தேறல அண்ணே. தொட்டுக்கத்தான் ஆச்சு."

அண்ணன் அதை எடுத்து வாயில் போட்டது. இரண்டே மெல்லலில் இறங்கிவிட்டது. துப்புவதற்கு ஓடுகூட இல்லை.

"ரசத்துக்குப் பரவாயில்லை" என்றது.

தன் தலை தப்ப அடுத்த வீட்டுக்கு வழிகாட்டிவிடுகிறவன், தன் வீட்டுக்கும் அதே வாயால் வழி சொல்லிவிட்டுத்தான் போகிறான்.