நாட்டராயன் காட்டில் சட்டப்படி ஒரு குண்டு

மொட்டையங்காட்டுவலசில் ஒரு துப்பாக்கிக் கழகம் இருந்தது. உறுப்பினர்கள் நான்கு பேர், துப்பாக்கி ஒன்று. அதுவும் நோம்பித் திருவிழாக் கடையில் பலூன் சுடுகிற காற்றுத் துப்பாக்கி. கடைக்காரர் தொழிலை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போனபோது, கழகத் தலைவர் வெள்ளியங்கிரியிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். தலைவர் அதற்குத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவுவார். தன் தலைக்குத் தடவ மறந்தாலும் மறப்பார், அதற்கு மறக்கமாட்டார்.

மாரியம்மன் நோம்பிக்குக் குறி சுடும் போட்டி உண்டு. போன வருஷம் ஜெயித்தது வெள்ளியங்கிரியின் மச்சான். அந்தக் கோப்பையில்தான் அவர் டீ குடிக்கிறார், வெள்ளியங்கிரி வீட்டுக்கு வந்தாலும் அதைக் கையோடு கொண்டுவந்து. இந்த வருஷம் விடுவதில்லை என்று கழகம் நடுத்தெருவில் பயிற்சியை ஆரம்பித்தது. முதல் குண்டு கோலாத்தாள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது. கழகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரை அவர்கள் சுட்டது எதன் மேலும் பட்டதில்லை. இரண்டாவது குண்டு போடுவதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

நல்ல மனுஷன். கத்தவில்லை.

“ஆசையா விளையாடறீங்க, அதனால விடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள சட்டப்படி ஒரு இடம் பார்த்து வைங்க, நான் வந்து பார்க்கறேன். துப்பாக்கிக்கு முன்னால ஒருத்தரும் இருக்கக்கூடாது. குறிக்குப் பின்னால மண்மேடு இருக்கணும். நிலத்துக்காரர் சம்மதம் வேணும். மனுஷ நடமாட்டம் அறவே கூடாது. நடமாட்டம் இருக்கிற இடத்துல இன்னொரு குண்டு வெடிச்சுது, துப்பாக்கி நேரா ஸ்டேஷனுக்கு வந்துடும்.”

இத்தனையையும் ஒரே தலையில் ஏற்றினால் தலை தாங்காது என்று கழகம் கருதியது. ஆளுக்கு ஒரு விதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். துப்பாக்கிக்கு முன்னால் ஆள் கூடாது என்பது தலைவருக்கு. மண்மேடு மாரப்பனுக்கு. சம்மதம் செல்லக்குட்டிக்கு. நடமாட்டம் பொன்னுரங்கத்துக்கு. அவரவர் விதியை அவரவர் முணுமுணுத்துக்கொண்டே இடம் தேடப் புறப்பட்டார்கள்.

தலைவர் துப்பாக்கியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். மற்ற மூவரும் பின்னால். தலைவர் ஏதோ சொல்லத் திரும்பினார். மூவரும் அலறியடித்து ஓடி மறுபடி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். “எங்கப்பா போனீங்க?” என்று தலைவர் இந்தப் பக்கம் திரும்பினார். அவர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். இப்படியே சுற்றிச் சுற்றி, ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

எதிரே டவுன் பஸ் வந்தது. தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எல்லாரும் இறங்கி எனக்குப் பின்னால வந்து நில்லுங்க. துப்பாக்கிக்கு முன்னால ஆரும் இருக்கப்படாதுங்க. இன்ஸ்பெக்டர் உத்தரவு.”

“யோவ், அதைத் திருப்பிப் பிடிய்யா!” என்றார் கண்டக்டர்.

தலைவர் திருப்பிப் பிடித்தார். அந்தப் பக்கம் கீரை மூட்டையோடு ஒரு மொபெட் வந்துகொண்டிருந்தது. அதையும் நிறுத்தினார். கடைசியில் கண்டக்டரே இறங்கி, தலைவரைத் தோளோடு பிடித்து வயல் பக்கம் திருப்பிவிட்டுப் பஸ்ஸை அனுப்பினார். பஸ் போன பிறகும் தலைவர் வயலைப் பார்த்தபடியே நின்றார். திருப்பிவிட்டவர் போய்விட்டாரே.

முதலில் குளத்துக்குப் போனார்கள். தண்ணீர் இல்லாத குளம், உயரமான கரை. கரை முன்னால் ஒரு மண்சட்டியைக் குறியாக வைத்தார்கள். மாரப்பன் கரையேறிப் பார்த்தான். மறுபக்கம் இறங்கிப் பார்த்தான். முகம் கறுத்துத் திரும்பி வந்தான்.

“தலைவரே, இங்கிருந்து பார்த்தா மேடு சட்டிக்குப் பின்னால இருக்குது. அந்தப் பக்கம் போனா சட்டிக்கு முன்னால வந்துருது.”

“இப்ப எங்க இருக்குது?”

“இப்பப் பின்னாலதான். ஆனா நாம அசந்த நேரத்துல மாறிக்கிட்டா?”

“ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறற மேடு நமக்கு வேண்டாம்” என்றார் தலைவர். “நம்ம கையாலயே ஒண்ணு போட்டுக்கலாம்.”

சொந்த மேட்டுக்கு மண் வேண்டுமே. சுடுகிறவர் நிற்கும் இடத்திலேயே வெட்டி எடுத்தார்கள். பொழுது சாய மேடு அருமையாக எழும்பியது. தலைவர் துப்பாக்கியோடு தன் இடத்தில் இறங்கி நின்றார். கழுத்தளவு பள்ளத்துக்குள் துப்பாக்கிக்கு எதிரே மண்சுவர்தான் இருந்தது.

“மாரப்பா, குறிக்குப் பின்னால மேடு வெக்கச் சொன்னா, முன்னாலயும் வெச்சுப்போட்டியே!”

அந்த இடமும் கைவிடப்பட்டது.

அடுத்து நாட்டராயன் காடு. காடு என்றால் மரம் மட்டை ஒன்றும் கிடையாது, கல்லும் கொழுக்கட்டைப் புல்லும் முளைக்கிற மேட்டாங்காடு. ஓரத்தில் கிணறு வெட்டிய மண் மலையாகக் குவிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் முள்வேலி இருந்ததால் சுற்றிப்போய்ப் பார்க்க முடியவில்லை. மாரப்பனுக்கு நிம்மதி.

“என் காட்டுல எங்க வேணும்னாலும் சுட்டுக்கங்க” என்றார் நாட்டராயன்.

செல்லக்குட்டி விடவில்லை. “நிலம் உங்களுதுங்க. குண்டு நிலத்துல போகாதுங்களே, காத்துலதானுங்க போகும். காத்து ஆருதுங்க?”

“அதுவும் என்னுதுதான், போப்பா.”

“எப்படீங்க? இப்பத்தான மேக்க இருந்து வந்துச்சு. வந்ததும் கெழக்க போயிருச்சு.”

நாட்டராயன் யோசித்தார். அவரும் மொட்டையங்காட்டுவலசுக்காரர்தான். “அட ஆமா. இது பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து.”

“அப்ப மலையாளத்துக்காரங்க சம்மதம் வேணுங்களே.”

யாருக்கும் மலையாளம் தெரியாது. காற்று ஓயும்போது சுட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். காற்றுக் காலம் அது, லேசில் ஓய்கிற ஜாதியில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் வேலியோரப் புல் அசையாமல் நின்றது. தலைவர் பரபரவென்று குண்டைப் போட்டுக் குறி பார்த்தார்.

“நிறுத்துங்க!” என்றான் பொன்னுரங்கம். “மனுஷ நடமாட்டம் இருக்குது.”

“எங்க?”

“நாலு பேர் நடமாடறாங்க.”

“ஆருப்பா அது?”

“நாமதான்.”

கழகம் ஆடிப்போய்விட்டது. தப்பு சொல்ல வழியில்லை, எண்ணிப் பார்த்தாலும் நான்கு பேர் இருந்தார்கள்.

“நடமாடாம உக்காந்துக்கலாம்” என்றான் செல்லக்குட்டி. உட்கார்ந்தார்கள். மாரப்பன் காலில் எறும்பு ஏறியது. எழுந்து குதித்தான்.

“பாத்தீங்களா? நாம இருக்கற வரைக்கும் இது சட்டப்படியான இடமே இல்லீங்க” என்றான் பொன்னுரங்கம். “நாம போயிட்டா ஒரு குறையும் இல்ல.”

கவட்டைக் கம்பு நட்டு, துப்பாக்கியை அதில் சாத்தி, மேட்டுக்கு முன்னால் வைத்திருந்த சட்டியைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். பிறகு நான்கு பேரும் ரோட்டுக்குப் போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டு, தூரத்திலிருந்து அந்த இடத்தைப் பெருமையோடு பார்த்தார்கள். அப்படி ஒரு சட்டப்படியான இடம் ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் வந்தார். டிரைவருக்கு லீவு, அவரே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தள்ளிவிட்டால்தான் கிளம்பும் ஜீப். அவர் காட்டுக்குள் நடந்து போய், மேட்டைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், தலையாட்டினார். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார். சின்ன வயசு ஆசை யாரை விட்டது? எடுத்துக் குறி பார்த்து ஒன்று போட்டார். சட்டி சிதறியது.

“பிரமாதமான இடம்! துப்பாக்கியை நீங்களே வெச்சுக்கங்க!” என்று சிரித்துக்கொண்டே திரும்பினார்.

நான்கு பேரும் துக்க வீட்டுக்கு வருகிறவர்களைப் போல வந்தார்கள். தலைவர் கண்ணில் தண்ணீர்.

“நீங்க நடமாடினீங்க சார். அப்புறம் வெடிச்சீங்க. துப்பாக்கி ஸ்டேஷனுக்குத்தானுங்க போகணும்.”

“சுட்டது நான்யா! உங்களுக்கென்ன வந்துச்சு?”

“ஆருன்னு நீங்க சொல்லலீங்களே. நடமாட்டம்னுதான சொன்னீங்க.” தலைவர் தன் துண்டாலேயே துப்பாக்கியைத் துடைத்து, ஜீப்பின் பின் சீட்டில் முன்பக்கம் பார்க்கப் படுக்கவைத்தார். கடைசியாக ஒரு தடவை எண்ணெய் தடவினார்.

தடுத்துப் பார்த்த இன்ஸ்பெக்டர், சரி, தொலைகிறது என்று ஏறி உட்கார்ந்தார். “தள்ளுங்கப்பா.”

“எறங்குங்க சார்! துப்பாக்கிக்கு முன்னால உக்காந்திருக்கீங்க!”

அவர் துப்பாக்கியைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார். தள்ள நின்ற நான்கு பேரும் நாலு திசையில் சிதறினார்கள். குறுக்கே திருப்பினார். ரோட்டோரம் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவரைத் தலைவர் ஓடிப்போய் எச்சரித்தார், அவர் எருமைகளோடு ஓடினார். சத்தம் கேட்டு ரோட்டில் ஜனம் கூடிவிட்டது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை முன்பக்கமே பார்க்கவைத்துவிட்டு, இறங்கிப் பின்னால் வந்தார். கழகத்தோடு சேர்ந்து அவரும் ஜீப்பைத் தள்ளினார். வளைவு வந்தால் மட்டும் ஓடிப்போய், வெளியே நின்றபடி கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுத் திரும்பி ஓடிவந்தார்.

ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் அப்பாடா என்று தொப்பியைக் கழற்றினார். மாரப்பன் மட்டும் ஜீப்பை விட்டு நகரவில்லை. கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தான். துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“சார், ஸ்டேஷனுக்குப் பின்னால மண்மேடு இருக்குதுங்களா?”

இன்ஸ்பெக்டர் கழற்றிய தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, சோர்ந்த குரலில் ஏட்டைக் கூப்பிட்டார்.

“அஞ்சு மண்வெட்டி எடுத்துட்டு வாய்யா.”