ஜன்னல் வெட்டிய அட்டை

பெண்கள் சிறையில் மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ரெஜினா டீச்சரும் கைதிதான். ஆயுள் தண்டனை. வாய் மட்டும் அடங்காது.

அன்று மனுப் போட்டுத் தன்னைப் பார்க்க வந்த மதினியிடம் கம்பி வலை வழியாகப் பேசிவிட்டு, மாரிக்கனி நேரே டீச்சர் முன்னால் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

“என்னடி, மூஞ்சி தொங்குது?”

“எம்மக இசக்கியப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தப் போறாங்களாம் டீச்சர். அஞ்சாவது வந்துட்டா, இன்னும் ஒரு வரி சேந்தாப்ல வாசிக்க வரலையாம். எழுத்தெல்லாம் குதிக்குதுங்காளாம். எனக்கும் அப்படித்தான குதிச்சுது!”

“யாரு நிறுத்தச் சொன்னது?”

“வாத்தியாரே சொல்லிட்டாராம். ஆத்தா ரத்தமும் அப்படி, ஆத்தா இருக்கிற இடமும் அப்படி, பிள்ளைக்குப் படிப்பு எங்கருந்து வரும்னு. அடுத்த வாரம் டி.சி. வாங்கிட்டு, மதினி அவளை வீட்ல தீப்பெட்டி ஒட்ட உக்கார வைக்கப் போறா.”

சொல்லும்போதே அழுகை முட்டியது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். எம்பிள்ளையக் கெடுத்தது என் ரத்தமா, இந்த ஜெயிலா?”

டீச்சர் பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டார்.

“வாசி.”

“எம்பிள்ள பொழப்பு நாறிக் கிடக்கு, இப்பப் போயி...”

“வாசிடீ!”

மாரிக்கனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் ரவிக்கைக்குள்ளிருந்து அட்டையை எடுத்தாள். சோப்பு டப்பாவில் கிழித்த அட்டை. நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டியிருந்தது. மற்ற வரிகள் மறைந்துவிட்டால் அவளுக்கு எழுத்துக் குதிக்காது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கும் டீச்சருக்கும் இரண்டு வருஷம் ஆயிற்று.

அட்டையைத் தாளில் வைத்து நகர்த்தி நகர்த்தி வாசித்தாள். தென் மாவட்டங்களில் நாளை மழை பெய்யுமாம்.

“இப்ப வாசிச்சது யார் ரத்தம்?”

“என் ரத்தந்தான்.”

“எங்க கத்துக்கிட்ட?”

“இங்கதான்... ஜெயில்ல.”

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

“பள்ளிக்கூடத்துக்கே எழுது. எம்மகளுக்கு டி.சி. கொடுக்கக் கூடாது, பெத்தவ நான் சொல்லுதேன்னு எழுது. எழுத்துக் குதிக்கிற அந்தக் கண்ணைக் கொடுத்தவ நீ. அட்டையையும் நீயே கொடு.”

நாலு வரி எழுத மாரிக்கனிக்கு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. விரலெல்லாம் மை. கீழே தன் பெயரை முழுசாக எழுதினாள். அட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மகளுக்கும் ஒரு வரி சேர்த்தாள். அட்டையோடு எல்லாவற்றையும் கவருக்குள் வைத்தபோதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது.

“டீச்சர், இதுல ஜெயில் முத்திரை குத்தித்தான அனுப்புவாங்க? பள்ளிக்கூடத்துல அத்தன பேரும் பாப்பாங்களே!”

“பாக்கட்டும்டி! இந்த ரத்தம் எங்க உக்காந்து படிச்சுதுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.”