நாலு பாக்கெட் குளிர்

சாமியம்மாவைத் தேடி வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள், வினையைப் பற்றிக் கேட்பார்கள். வடிவாம்பாள் அன்று வேறொன்று கேட்டாள்.

"தாயே, வயித்துக் கொழுப்பை உறைய வச்சா போயிருமா?"

மார்கழி மாதம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மலையடிவாரத்து மடத்தின் வாசலில் சாமியம்மா தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்பது. துறவுக்கு வருமுன் பதினாலு வருடம் இறால் கம்பெனியில், குளிர் அறையில் வேலை பார்த்தவர். சிஷ்யை வடிவாம்பாளுக்கு ஐம்பத்தாறு. அதனால் சாமியம்மா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"யாரு அக்கா சொன்னா?"

"டவுன்ல ஒரு கிளினிக். கத்தி கிடையாதாம். கிண்ணம் மாதிரி ஒண்ணு வயித்துச் சதையை உறிஞ்சிப் பிடிச்சுக்குமாம். ஒரு மணி நேரம் குளிர வைக்குமாம். உள்ள இருக்குற கொழுப்பு செத்துருமாம்."

மடத்துச் சமையல்காரி பொன்னுத்தாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நேத்து மூணாந்தடவை பொங்கல் வாங்குறப்ப அது நல்லா உசுரோடதான இருந்துச்சு?"

வடிவாம்பாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பையைத் திறந்து ஒரு பட்டு ஜாக்கெட்டை எடுத்தாள். மாம்பழ நிறம். மகன் கல்யாணத்துக்குத் தைத்தது. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்.

"கொக்கி மாட்ட மாட்டேங்குது தாயே. ரெண்டு விரல் அகலம் பத்தலை. தினமும் காலையில போட்டுப் பாக்குறேன்."

"வேற ஜாக்கெட் இல்லையா?"

"இருக்கு. ஆனா நிச்சயதார்த்தத்துல சம்பந்தியம்மா எல்லாரு முன்னாடியும் சொன்னா. மதினி, நீங்க மேடையில ஏறினா போட்டோக்காரரை ரோட்டுல நின்னு எடுக்கச் சொல்லணும்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எம்மவனும் சிரிச்சான்."

வடிவாம்பாள் ஜாக்கெட்டை மடியில் விரித்துத் தடவினாள்.

"இதைப் போட்டுக்கிட்டு அவ பக்கத்துல நிக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். ஆனா பயமா இருக்கு. கொழுப்பு சாகுற குளிர்ல தோலு சாகாதா? சதை சாகாதா? அது மட்டும் எப்படித் தனியாச் சாகும்?"

சாமியம்மா பக்கத்தில் இருந்த தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. எண்ணெய் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. அதன் அருகில் ஒரு செம்பில் தண்ணீர். அதையும் கவிழ்த்தார். தண்ணீர் வடிவாம்பாளின் காலில் விழுந்தது.

"ஐயோ, சில்லுன்னு இருக்கு!"

"ரெண்டும் ராத்திரி பூரா ஒரே பனியில ஒரே இடத்துல இருந்ததுதான்."

வடிவாம்பாள் பாட்டிலைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

"அப்போ கொழுப்பு முந்திக்கும்."

"முந்திக்கும். தோலும் சதையும் நரம்பும் அதைவிடக் கொஞ்சம் தாங்கும். அந்தக் கொஞ்சம்தான் இடைவெளி. அதுக்குள்ள நிறுத்தத் தெரிஞ்சவங்க கையில மெஷின் இருக்கணும்."

முதல் வார்த்தையோடு வடிவாம்பாள் எழுந்துவிட்டாள். மிச்சத்தைப் பொன்னுத்தாய்தான் கேட்டாள்.

அன்றே வடிவாம்பாள் கிளினிக்குக்குப் போனாள். அங்கிருந்த பெண் எல்லாவற்றையும் நன்றாகவே சொன்னாள். குளிர் வைப்பது ஒரு மணி நேரம். வித்தியாசம் தெரிய இரண்டு, மூன்று மாதம். அதுவும் எடை குறையாது, அந்த இடம் மட்டும் கொஞ்சம் வற்றும்.

வடிவாம்பாள் பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். ஒரு மணி நேரக் குளிருக்கு மூன்று மாதம் என்றால், தினம் நாலு மணி நேரம் வைத்தால் இருபது நாளில் முடிந்துவிடாதா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டாள். அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

மடத்தில் ஒரு ஃபிரீஸர் உண்டு. மார்கழியில் அம்மனுக்குத் தினமும் பாலபிஷேகம். மலையடிவாரத்துக்குப் பால் வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அதனால் பாக்கெட் பாலை உறைய வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை விடியலில் பொன்னுத்தாய் கோலம் போடப் போன நேரம், வடிவாம்பாள் நாலு பாக்கெட்டை எடுத்து, ஒரு மெல்லிய துண்டில் வரிசையாகச் சுற்றி, வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மேலே புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். பஜனைக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

பத்து நிமிடத்தில் உடம்பு நடுங்கியது. அரை மணியில் பல் தந்தியடித்தது. கண்ணில் நீர் கொட்டியது.

"வடிவக்காவுக்கு அருள் வந்திருக்கு" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள்.

"ஒன்பது வருஷமா தாயோட காலடியில கிடந்தது சும்மாவா?" என்றாள் இன்னொருத்தி.

பஜனை மெல்ல வேகம் பிடித்தது. வடிவாம்பாளைப் பார்த்து எல்லோரும் இன்னும் உரக்கப் பாடினார்கள். ஒரு மணி நேரம் ஆனபோது வயிற்றில் குளிரே தெரியவில்லை. வயிறே தெரியவில்லை. சரி, வேலை செய்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். வடிவாம்பாள் தயங்கினாள். எல்லோரும் விழும்போது அவள் மட்டும் நிற்க முடியுமா? அவளும் விழுந்தாள்.

பட்டென்று ஒரு சத்தம்.

வடிவாம்பாளுக்கு அடியிலிருந்து பால் ஓடிவந்தது. நேராக அம்மன் பீடத்தை நோக்கி ஓடியது. தரை அந்தப் பக்கம் சரிவு.

"பால்!" என்று ஒருத்தி கத்தினாள். "அம்மா, பால் வருது! வடிவக்கா மேலேருந்து பால் வருது!"

கூட்டம் வடிவாம்பாளைச் சுற்றி விழுந்தது. ஒருத்தி முந்தானையில் பாலை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டாள். ஒருத்தி டம்ளர் எடுக்க ஓடினாள். பாதி உருகிய பால்கட்டி ஒன்று நழுவி வந்தது. பொன்னுத்தாய் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"லிங்கம்! சின்ன லிங்கம்! வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனே, என்னை மன்னிச்சிரு வடிவக்கா!"

லிங்கம் அவள் கைக்குள்ளேயே கரையத் தொடங்கியது. வடிவாம்பாள் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மிச்சம் மூன்று பாக்கெட்டும் விழுந்துவிடும்.

சாமியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து பாலைத் தொட்டார். அதில் மிதந்துவந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல தேதி போட்டிருக்கு" என்றார். "நேத்தோட முடியுது."

பொன்னுத்தாய் கையை முகர்ந்து பார்த்தாள்.

"எம் பாலு!"

சாமியம்மா வடிவாம்பாளை எழுப்பி உள் அறைக்குக் கூட்டிப்போனார். துண்டை அவிழ்த்தார். வயிறு வெளுத்து, ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. கிள்ளிப் பார்த்தார்.

"தெரியுதா?"

"இல்ல தாயே."

பொன்னுத்தாயிடம் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். துணியை நனைத்து மேலே போட்டார். தேய்க்கவில்லை. பிறகு தன் இடது கையை நீட்டினார். இரண்டு விரல்களின் நுனி மெழுகு போல இருந்தது.

"குளிர் அறையில கையுறை கிழிஞ்ச அன்னைக்கு வந்தது. இந்த ரெண்டு விரலுக்கும் இன்னைக்கு வரைக்கும் அடுப்பும் தெரியாது, ஐஸும் தெரியாது."

கொஞ்ச நேரத்தில் வடிவாம்பாளின் வயிறு எரியத் தொடங்கியது. அவள் அழுதாள்.

"எரியுது தாயே."

"நல்லது. உசுரு இருக்கு. கொப்புளம் வந்தா நேரா டாக்டர்கிட்ட போறீங்க."

"ஒரு மணி நேரத்துல செத்துப்போற கொழுப்பு எதுக்கு மூணு மாசம் உள்ளயே கிடக்கணும்? செத்தா உடனே போக வேண்டியதுதான?"

சாமியம்மா பொன்னுத்தாயிடம் திரும்பினார்.

"பூஜை அன்னைக்கு ஐந்நூறு பேருக்குப் பந்தி போட்டமே. சாப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம்."

"இலையெடுத்து, அண்டா கழுவி, இடத்தைச் சுத்தம் பண்ண?"

"மூணு நாளு. நான் ஒருத்திதான. எவளாவது வந்தாளா?"

"உடம்புக்குள்ளயும் அப்படித்தான் அக்கா. செத்தது தானா எந்திரிச்சுப் போகாது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு, கரைச்சு, ஈரலுக்குக் கொண்டு போய்த்தான் ஒழிக்கணும். அதுக்கு வேற வேலையும் இருக்கு."

"போனது திரும்பி வருமா?"

"செத்தது வராது. மிச்சம் இருக்குறது பெருத்துக் காலை நீட்டிக்கும். பொங்கலைப் பொறுத்தது."

வடிவாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் மேடைக்குப் போகலை. முகூர்த்தம் முடியிற வரைக்கும் அடுக்களையில இருந்துக்கிறேன். மயக்கம்னு சொல்லிருங்க."

"அந்த ஜாக்கெட் எங்க?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சாமியம்மா அதை உள்பக்கமாகத் திருப்பினார்.

"யாரு தைச்சது?"

"எங்க தெரு அருளப்பன். முப்பது வருஷமா அவருதான்."

"அளவு எடுக்குறப்ப என்ன சொன்னீங்க?"

"கல்யாணத்துக்குள்ள மெலிஞ்சிருவேன், இறுக்கித் தைங்கன்னு சொன்னேன்."

"அவரு?"

"சரிம்மான்னு தலையாட்டினாரு."

சாமியம்மா பக்கத்துத் தையலை விரலால் தடவினார். மரத்த விரல் அல்ல, மற்றது. பொன்னுத்தாயிடம் பிளேடு வாங்கி ஒரு நூலை அறுத்தார். மெதுவாக இழுத்தார். தையல் பிரிந்தது. உள்ளே மடிந்திருந்த மாம்பழப் பட்டு வெளியே வந்தது. இந்தப் பக்கம் ஒரு விரல். அந்தப் பக்கம் ஒரு விரல். அதற்குப் பிறகும் கொஞ்சம் இருந்தது.

வடிவாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரின்னு தலையாட்டினாரே தாயே!"

சாமியம்மா ஜாக்கெட்டை மடித்து அவள் மடியில் வைத்தார்.

"தைச்சவருக்கு உங்களைத் தெரியும் அக்கா."