ராசிக் கையின் போணி

தூத்துக்குடியில் கார் பட்டறை வைத்திருந்த ஞானசிகாமணி அண்ணாச்சி ஒருநாளும் ஸ்பேனர் பிடித்தவரில்லை. ஆனாலும் தன் கை ராசிக் கை என்று ஊரையே நம்பவைத்திருந்தார். பட்டறைக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அவர்தான் முதலில் கை வைத்துப் போணி பண்ணுவார், அதுவும் தன் காரில்.

ஒருநாள், வீட்டுக் குளியலறை வேலையில் மிஞ்சிய வெள்ளை சிலிக்கான் பசை ட்யூப்களைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார்.

"ஏலே சூசை, டீச்சர் கார் என்ஜின்ல ஆயில் சட்டியை இதை வச்சே ஒட்டு."

"அண்ணாச்சி, இது வாஷ்பேசினுக்குள்ளது. என்ஜின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் நிக்காதே."

"சிலிக்கான்னா எல்லாம் ஒண்ணுதாம்ல! ஒட்டுதியா, இல்ல வீட்டுக்குப் போறியா?"

மெக்கானிக் சூசை உடனே பணிவின் திருவுருவமானான். காரை ரிப்பேருக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற கோமதி டீச்சருக்கும் கேட்கும்படி சொன்னான்: "தப்புதான் அண்ணாச்சி. ஆனா புதுச் சரக்காச்சே, உங்க ராசிக் கை போணி பண்ணாம நான் தொடலாமா? உங்க காரும் ஆயில் சட்டி கழட்டித்தான் நிக்கி. வாங்க, அமுக்குங்க."

அண்ணாச்சி ட்யூபைப் பார்த்தார். பளபளவென்று நின்ற தன் காரைப் பார்த்தார். ராசிக் கை மெல்லச் சட்டைப் பைக்குள் ஒளிந்துகொண்டது.

"என் வண்டிக்கு மட்டும் அந்தக் கறுப்பு என்ஜின் சிலிக்கானைப் போடுல" என்று கிசுகிசுத்தார். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவர்; அது தெருவுக்கே கேட்டது.

"அப்ப எனக்கும் அதையே போடுங்க" என்றார் டீச்சர்.

வெள்ளைப் பெட்டியும் வீணாகவில்லை. பட்டறைக் கக்கூஸில் ஒழுகிக்கொண்டிருந்த வாஷ்பேசினில் போணி நடந்தது, அண்ணாச்சியின் ராசிக் கையாலேயே.