கவுன்சிலர் கேட்ட சிலை

மைக்கைப் பிடித்தால் விடத் தெரியாதவர் கவுன்சிலர் தவமணி. மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வரைந்ததை இயந்திரத்தில் பொருளாக அச்சிடப் பழகும் பட்டறைக்கு, ஆண்டுவிழாவன்று வந்து மிரட்டினார்: "நான் பேசி முடிக்கிறதுக்குள்ள என் சிலை கைக்கு வரணும். இல்லேன்னா பட்டறைக்குப் பூட்டுதான்!"

விரலளவுச் சிலைக்கே இரண்டு மணி நேரம் ஆகும். மாணவி ஜெனிதா அசரவில்லை. "செஞ்சிரலாம் சார். சிலை முடியுற வரைக்கும் கேமரா உங்களையே பார்க்கும். வாய் அசைஞ்சா சிலையில கோணிரும்."

பரிசளிப்பு, நன்றியுரை, நாட்டுப்பண் எல்லாம் முடிந்தன. கவுன்சிலர் உதட்டைப் பிரிக்கவில்லை. சிலை வந்தது, அச்சு அசல் அவரேதான்.

"இவ்வளவு நேரமா?" என்று சீறினார்.

"பேசி முடிக்கிறதுக்குள்ளதானே சார் கேட்டீங்க? நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

மைக்கைத் தேடினார். மைக்செட்காரர் அதைச் சுருட்டிக் கட்டிவிட்டு, பந்தியில் இரண்டாம் முறை பிரியாணி கேட்டுக்கொண்டிருந்தார்.